காதர் பாய்க்குக் கொடுத்த டம்ளர்

சாப்பாட்டுச் சுற்றுலாவுக்கு வழிகாட்டியாக வந்து சேர்ந்திருக்கும் உங்களைப் பார்த்து உங்கள் வீட்டிலேயே சிரிப்பார்கள் என்று எனக்குத் தெரியும். நாலு பேரை வண்டியில் ஏற்றி, நாலு கடையில் சாப்பிட வைத்து, தானும் கூட உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டுச் சம்பளம் வாங்குவது ஒரு வேலையா என்று என் சம்பந்தி இன்றைக்கும் கேட்கிறார். நான் பதில் சொல்வதில்லை. ஒரே நாளில் பன்னிரண்டு பேரை இட்லி கடையில் இருந்து திராட்சைத் தோட்டம் வரை கூட்டிக்கொண்டு போய், ஒருவர் வயிறும் கெடாமல், ஒருவர் மனசும் நோகாமல் திரும்பக் கொண்டுவந்து விட்டுப் பார்க்கட்டும். அப்புறம் பேசிக்கொள்ளலாம்.

கடைகளின் பட்டியல், எந்த நேரத்தில் எங்கே கூட்டம், எந்தத் தெருவில் வண்டி திரும்பாது என்பதெல்லாம் நான் உங்களுக்குச் சொல்லப் போவதில்லை. அதை ஒரு மாதத்தில் நீங்களே கற்றுக்கொள்வீர்கள். நான் சொல்ல வந்தது நான் செய்த ஒரு தப்பைப் பற்றி. இத்தனை வருஷ வேலையில் எவ்வளவோ சொதப்பியிருக்கிறேன். பழனிக்கு மாலை போட்டு விரதம் இருந்தவரை மட்டன் சுக்கா கடை வாசலில் இறக்கிவிட்ட பெருமை எனக்கு உண்டு. அவர் சிரித்துவிட்டுப் பெட்டிக்கடையில் வாழைப்பழம் வாங்கிச் சாப்பிட்டார். அந்த மாதிரித் தப்புகள் ஒரு வாரத்தில் மறந்துவிடும். இது மறக்கவில்லை.

கொரோனா ஓய்ந்து, சனம் மறுபடி கொடைக்கானலுக்குக் கார்களில் ஏறத் தொடங்கியிருந்த நேரம். யமுனா என்று ஒரு பெண் என்னைத் தேடி வந்தாள். சின்னாளபட்டிக்காரி, நெசவுக் குடும்பம். பெங்களூரில் பத்து வருஷம் வேலை பார்த்துவிட்டு, அதை விட்டுவிட்டுத் திரும்பியிருந்தாள். கொடைரோட்டில் மலைக்குப் போகிறவர்கள் வண்டியை நிறுத்தும் இடமாகப் பார்த்து ஒரு கஃபே தொடங்கப் போகிறேன் என்றாள். காலை எட்டு மணிக்குத் திறந்து மதியம் மூன்று மணிக்கு மூடிவிடுவாளாம். பிரன்ச் என்று பெயர் சொன்னாள். காலைச் சாப்பாட்டுக்கும் மதியச் சாப்பாட்டுக்கும் நடுவில் சாவகாசமாக உட்கார்ந்து சாப்பிடுவதாம். திண்டுக்கல்லில் பத்தரை மணிக்குப் பிரியாணிக் கடையில் இலை போட்டு உட்கார்ந்திருக்கிற ஆயிரம் பேர் இந்தப் பெயரே தெரியாமல் அதைத்தான் செய்துகொண்டிருக்கிறார்கள் என்று சொன்னேன். அதனால்தான் இங்கே கடை போடுகிறேன் என்றாள். அப்போதே எனக்கு அவளைப் பிடித்துவிட்டது.

கடையில் என்னென்ன போடுவது என்று முடிவு செய்ய, ஒரு நாள் முழுக்க ஊர் ருசிகளைக் காட்ட வேண்டும் என்றாள். கூட அவளும் அவள் வைத்துக்கொள்ளப் போகிற சமையல் மாஸ்டரும் மட்டும். மாஸ்டர் பேகம்பூர் காதர் பாய். முப்பது வருஷமாகக் கல்யாண விருந்துகளுக்குப் பிரியாணி போட்டவர். முழங்கால் தேய்ந்துவிட்டதால் ஊர் ஊராகப் போக முடியவில்லை, ஒரே இடத்தில் நிலையான வேலை வேண்டும் என்று வந்திருந்தார். ஒரு வாரத்துக்கு முன் தன் வீட்டில் இருந்து பிரியாணி செய்து அவளுக்குக் கொண்டுவந்து கொடுத்திருக்கிறார். அதைச் சாப்பிட்டுவிட்டு அவள் வேறு யாரையும் பார்க்கவில்லை. ஆனாலும் வேலையை முழுசாக உறுதி செய்யவில்லை. இந்த ஒரு நாள் கூட இருந்து பார்த்துவிட்டுச் சொல்கிறேன் என்று அவரிடமே சொல்லியிருந்தாள். பத்து நாளில் கடை திறப்பு.

நம் வேலையில் நான் ஒரு பழக்கம் வைத்திருந்தேன். விருந்தாளி முதல் வாய் வைக்கும்போது சாப்பாட்டைப் பார்க்காமல் அவர் முகத்தைப் பார்ப்பேன். பிடித்ததா இல்லையா என்பது வாய் பேசுவதற்கு முன் புருவத்தில் தெரிந்துவிடும். அன்று காலை மெஸ்ஸில் இட்லியும் குடல் குழம்பும் வந்தபோது காதர் பாயின் முகத்தைப் பார்த்தேன். அவர் முகத்தில் ஒன்றும் இல்லை. வாயில் வைத்தவர், நிமிர்ந்து யமுனாவின் முகத்தைப் பார்த்தார். அவள் காரம் தூக்கல் என்ற பிறகு, ஆமாம்மா, மிளகு கூடிருச்சு என்றார்.

பிரியாணிக் கடையில் ஆள் மாறிவிட்டார். சோற்றை இரண்டு விரலில் நசுக்கிப் பார்த்து, அரிசி எவ்வளவு நேரம் ஊறியது என்று சொன்னார். கறியை எலும்பிலிருந்து இழுத்துப் பார்த்து, ஆட்டின் வயசு சொன்னார். விரலில் ஒட்டிய நெய்யைத் தேய்த்துப் பார்த்து, எண்ணெய் கலந்திருக்கு என்றார். கடைக்காரர் கேட்டுவிட்டு அசடு வழிந்தார். யமுனா வாயைப் பிளந்துகொண்டு பார்த்தாள். அவ்வளவும் விரலால் சொன்னவை என்பது எனக்கு அப்போது உறைக்கவில்லை. அடுத்து, மெஷின் காப்பிக்குப் பெயர் வாங்கியிருந்த ஒரு புதுக் கஃபேயில் அவர் சூடு பத்தலை என்ற ஒரு வார்த்தையோடு கோப்பையைத் தள்ளி வைத்தபோது, பெரிய ஆள் என்ற மண்டைக்கனம் என்று நினைத்துக்கொண்டேன். முகம் பார்த்தே ஆளை எடை போடுகிறவன் என்று தம்பட்டம் அடித்துக்கொண்டிருந்த நான்.

கடைசியாகச் சிறுமலை அடிவாரத்தில் ஒரு திராட்சைத் தோட்டம். யமுனா மகாராஷ்டிரா பக்கம் வைன் தோட்டங்களைச் சுற்றிப் பார்த்துவிட்டு வந்தவள். நம்மூரில் இவ்வளவு திராட்சை விளைகிறதே, ஒரு வாய் வைன் கிடைக்காதா என்று வழியெல்லாம் கேட்டாள். விற்பனைக்குக் கிடையாது. ஆனால் அந்தத் தோட்டத்து அக்கா கிறிஸ்துமஸுக்காக வீட்டளவில் ஒரு ஜாடி போட்டு வைத்திருப்பார். பழக்கத்துக்காக ஒரு டம்ளர் கொடுப்பார். சரி என்று சொல்லிவிட்டேன்.

இங்கேதான் என் கெட்டிக்காரத்தனம். காதர் பாய் ஐந்து வேளை தொழுகிறவர். அவர் கண் முன்னால் கண்ணாடி டம்ளரில் வைனை ஊற்றி ஆளுக்காள் உறிஞ்சினால் அவருக்குச் சங்கடமாக இருக்கும் என்று யோசித்தேன். அதனால் அக்காவைத் தனியே கூப்பிட்டு, எல்லோருக்கும் எவர்சில்வர் டம்ளரில் கொடுங்கள், இரண்டில் வைன், இரண்டில் சாறு, வெளியே தெரிய வேண்டாம் என்றேன். கோயிலில் படையல் வைக்கிற மாதிரி நாலு டம்ளரைத் தட்டில் வரிசையாக வைத்துக் கொண்டுவந்த அக்கா, இடது பக்கம் ரெண்டும் வைனு என்று என் காதில் சொன்னார். வைன் யமுனாவுக்கும் எனக்கும், சாறு பாய்க்கும் அக்காவுக்கும் என்று கணக்கு. நான் தட்டை வாங்கி, அவர்கள் பக்கம் திரும்பி நீட்டினேன். தட்டு கைமாறித் திரும்பியதில் அக்காவின் இடது பக்கம் என் வலது பக்கமாகிவிட்டது. அதை நான் யோசிக்கவில்லை. எடுத்து ஒரு முறை மோந்து பார்க்கவும் இல்லை.

யமுனா ஒரு வாய் குடித்துவிட்டு, "அண்ணே, இது வெறும் ஜூஸுதானே?" என்றாள்.

என் டம்ளரை மூக்கருகே கொண்டுபோனேன். அதுவும் சாறுதான். அப்படியானால் வைன் இரண்டும் மற்ற பக்கம். நிமிர்ந்து பார்த்தால் காதர் பாய் ஒரு டம்ளரை மடக்மடக்கென்று முழுசாகக் குடித்து முடித்து, மீசையைத் துடைத்துக்கொண்டிருந்தார். அந்த ஜாடி வைனுக்கு வாசனை கொஞ்சநஞ்சம் இல்லை. பச்சைக் குழந்தை கூட டம்ளர் கிட்டே வரும்போதே மூக்கைத் திருப்பிக்கொள்ளும்.

"தொண்டையில நல்லா சூடா எறங்குது. சுக்கு தட்டிப் போட்டிருக்கீங்களாம்மா?" என்று அக்காவிடம் கேட்டார் பாய்.

அக்கா என்னைப் பார்த்தார். ஒரே நொடியில் இரண்டு விஷயம் புரிந்தது. இந்த மனுஷன் வாழ்நாளில் தொடாததை என் கையால் குடித்துவிட்டார். இந்த மனுஷனுக்கு வாசனை தெரியாது. காலையில் இருந்து பார்த்த எல்லாம் அப்போதுதான் ஒன்றோடொன்று சேர்ந்தது. அதற்குள் பாய், அக்காவின் பங்காகத் தட்டில் மீதமிருந்த டம்ளரைப் பார்த்து, நீங்க குடிக்கலைன்னா இங்க குடுங்கம்மா, வெயிலுக்கு நல்லா இருக்கு என்று கையை நீட்டினார். யமுனா பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருக்கிறாள்.

இப்படி ஒரு நிலைமை உங்களுக்கும் வரும். வேறு கடையில், வேறு ஆளோடு வரும். உண்மையைச் சத்தமாகச் சொன்னால் அந்த மனுஷனின் வேலையும் மானமும் அந்த இடத்திலேயே போய்விடும். வாயை மூடிக்கொண்டு இருந்தால் இரண்டாவது டம்ளரும் உள்ளே போய்விடும். யோசிக்க நேரம் கிடையாது. நான் அவருக்கு முந்தி டம்ளரை எடுத்து, தேனீ விழுந்து கிடக்கு பாய் என்று சொல்லி, கொடிக்கு அடியில் கவிழ்த்தேன். அக்கா புத்திசாலி. கொடிகளைக் காட்டுகிறேன் வாம்மா என்று யமுனாவைக் கூட்டிக்கொண்டு உள்ளே போய்விட்டார். நான் பாயை மோட்டார் தொட்டிப் பக்கம் அழைத்துப் போனேன்.

சுற்றி வளைக்கவில்லை. தட்டைத் திருப்பிக் கொடுத்துவிட்டேன், நீங்கள் குடித்தது சாறு இல்லை, வைன், தப்பு முழுக்க என்னுடையது என்று சொல்லிவிட்டேன். அடிப்பார் என்றுகூட நினைத்தேன். அவர் தொட்டியில் கையை விட்டுத் தண்ணீரை அள்ளி வாயைக் கொப்பளித்தார். நிறுத்தாமல் கொப்பளித்துக்கொண்டே இருந்தார். அப்புறம் முகத்தைத் துடைத்துக்கொண்டு, மெதுவாகக் கேட்டார்.

"வாசம் வந்துச்சாண்ணே?"

வந்தது என்றேன்.

"எம்புட்டுத் தூரத்துக்கு?"

நான் திராட்சைப் பந்தலின் கல்தூணைக் காட்டினேன். பத்தடி இருக்கும். அவர் அதையே பார்த்துக்கொண்டு தொட்டி விளிம்பில் உட்கார்ந்துவிட்டார். எனக்கு அழுகை வந்தது, வெட்கமில்லாமல் சொல்கிறேன்.

காய்ச்சல் வந்து படுத்து எழுந்த அன்றைக்குப் போன வாசனை, இரண்டு வருஷமாகத் திரும்பவே இல்லை என்றார். இனிப்பு, புளிப்பு, உப்பு நாக்கில் லேசாகத் தெரிகிறது, மற்றதெல்லாம் மண்ணைத் தின்கிற மாதிரி இருக்கிறது என்றார். வெங்காயம் வதங்குவதைக் கண்ணால் பார்த்து, சட்டியின் சத்தத்தைக் காதால் கேட்டு ஒப்பேற்றுகிறாராம். யாருக்கும் தெரியக்கூடாது என்று பயம். தெரிந்தால் பிரியாணி மாஸ்டர் என்ற பெயர் போச்சு. நான் அவசரமாக, எனக்குத் தெரிந்தது என்னோடு இருக்கட்டும் பாய், வாயைத் திறக்க மாட்டேன் என்று வாக்குக் கொடுத்தேன். பரிதாபத்தில் கொடுத்த வாக்கு. அவருக்கு வேண்டியிருந்தது அது இல்லை என்பது அடுத்த நிமிஷமே தெரிந்தது.

"தெரியாமக் குடிச்சத அல்லா மன்னிப்பாண்ணே. அந்தப் புள்ளைய நான் தெரிஞ்சேதான ஏமாத்திக்கிட்டு இருக்கேன்."



கொடைரோடு போகிற வழியெல்லாம் வண்டியில் யமுனா மட்டுமே பேசினாள். மெனுவில் என்ன, எந்தத் தட்டில் வைப்பது, சுவருக்கு என்ன வண்ணம் என்று. கடை வாசல் பாதி வண்ணம் அடித்தபடி இருந்தது. இறங்கியதும் பாய், ஒரு நிமிசம் நில்லுங்கம்மா என்றார். நின்ற இடத்திலேயே எல்லாவற்றையும் சொன்னார். வைன் குடித்ததையும் மறைக்கவில்லை. சொல்லி முடித்துவிட்டு, வேற ஆளப் பாத்துக்கங்கம்மா என்றார்.

அவள் முதலில் என் பக்கம் திரும்பினாள். "உங்களுக்குத் தெரியுமாண்ணே?"

தோட்டத்தில்தான் தெரிந்தது என்றேன். தேனீ என்றீர்களே, அது பொய்யா என்று கேட்டாள். பொய்தான் என்றேன். தட்டைத் திருப்பியதையும் ஒப்புக்கொண்டேன். அவளுக்குக் கோபம் வந்தது, வந்ததில் ஒரு தப்பும் இல்லை. பெங்களூர் வேலையை விட்டு, வீட்டில் அத்தனை பேர் சொல்லியும் கேட்காமல் இறங்கியவள். சுற்றியிருக்கிற இரண்டு ஆண்களும் ஆளுக்கொரு பக்கம் மறைத்திருக்கிறோம். அப்புறம் அவரிடம் கேட்டது எனக்கு உறைத்தது.

"மாஸ்டர், கேஸ் லீக் ஆனா உங்களுக்குத் தெரியுமா?"

தெரியாதும்மா என்றார்.

இதை நான் ஒரு நொடி கூட யோசிக்கவில்லை. தொட்டிக்கரையில் பெரிய மனசோடு வாக்குக் கொடுத்தேனே, அந்த வாக்கை அவர் ஏற்றுக்கொண்டிருந்தால், எத்தனை பேர் உட்கார்ந்து சாப்பிடுகிற இடத்தில் கேஸ் திறந்து கிடப்பது தெரியாத ஒருவரை அடுப்படிக்குப் பொறுப்பாக விட்டிருப்பேன். ஒருவர் மேல் இரக்கப்படும்போது நம் கண் அந்த ஒருவரை மட்டும்தான் பார்க்கிறது. நீங்கள் இரக்கப்படுங்கள், வேண்டாம் என்று சொல்ல மாட்டேன். பட்டுவிட்டு, அதே அறையில் வேறு யார் யார் இருக்கிறார்கள் என்று ஒரு முறை திரும்பிப் பாருங்கள்.

யமுனா அடுத்ததாக ஒன்று கேட்டாள். போன வாரம் எனக்குக் கொண்டுவந்தீர்களே ஒரு பிரியாணி, அதற்கு உப்பு பார்த்தது யார் என்று. பாய் தலையைக் குனிந்துகொண்டார். "எங்க வீட்டுல" என்றார். இரண்டு வருஷமாகக் கல்யாண விருந்துகளுக்கும் மனைவிதான் கூட வந்து, சட்டி பக்கத்தில் நின்று உப்பும் வாசனையும் பார்த்துச் சொல்லியிருக்கிறார். கேட்டவர்களிடம் கைக்கு ஒத்தாசைக்கு வந்திருக்கா என்று சொல்லிவிடுவாராம்.

அப்போ எனக்குப் பிடிச்சது அவங்க ருசிதானே என்றாள் யமுனா. வண்டியைத் திருப்பச் சொன்னாள்.

பேகம்பூரில் அவர் மனைவி ஜெய்த்தூன் கதவைத் திறந்தார். மூன்று பேரும் ஒன்றாக நிற்பதைப் பார்த்ததும் முகம் வெளிறிவிட்டது. "சொல்லிட்டீங்களா?" என்று கணவரைக் கேட்டார். அவர் தலையாட்டியதும் வாசல்படியிலேயே உட்கார்ந்து முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதார். பயந்து அழுத அழுகை இல்லை அது. இரண்டு வருஷமாகத் தலையில் சுமந்ததை இறக்கி வைத்த அழுகை.

யமுனா படியில் அவர் பக்கத்தில் உட்கார்ந்து, கடைக்கு மாஸ்டராக வருகிறீர்களா என்று கேட்டாள். உதவிக்கு இல்லை, மாஸ்டராக. பாய் இடையில் புகுந்து, அவ வெளிய வேலைக்குப் போய்ப் பழக்கமில்லம்மா என்றார். ஜெய்த்தூன் கண்ணைத் துடைத்துக்கொண்டு அவரைப் பார்த்தார்.

"ரெண்டு வருசமா எங்க நின்னேன் நானு? வீட்டுக்குள்ளயா?" என்றார். பிறகு யமுனாவிடம், "வாரேம்மா. அவரும் வரணும். அடுப்ப நாந்தான் பத்த வைப்பேன், நாந்தான் அணைப்பேன். அதுல மட்டும் அவரு கை வைக்கக் கூடாது" என்றார். கேஸைப் பற்றி நாங்கள் யாரும் அவரிடம் சொல்லியிருக்கவில்லை.

பாய் வைன் விஷயத்தையும் சொன்னார். நான் மன்னிப்புக் கேட்டேன். அந்த அம்மா என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, இனிமே எதக் குடுத்தாலும் மோந்து பாத்துக் குடுங்கண்ணே, ஒங்களுக்குத்தான் மூக்கு இருக்கே என்றார். அதற்குப் பிறகு இந்த வேலையில் இருந்த கடைசி நாள் வரை, என் மூக்கைத் தொடாமல் ஒரு டம்ளரும் என் விருந்தாளி கைக்குப் போனதில்லை. நீங்களும் அப்படியே செய்யுங்கள். பார்க்கிறவர்கள் சிரித்தால் சிரிக்கட்டும்.

கஃபே பத்து நாள் தள்ளித் திறந்தது. இட்லி, மலைக் காப்பி, பதினோரு மணிக்குச் சீரகச் சம்பா பிரியாணி. மூன்று மாதம் கழித்து ஒரு கூட்டத்தை அங்கே அழைத்துப் போனேன். எத்தனை இலை என்று சொல்வதற்காக முன்னாலேயே இறங்கிப் பின்பக்கமாக அடுப்படிக்குப் போனேன். தம் உடைக்கிற நேரம். பிரியாணி தேக்சாவின் மூடி மேல் இருந்த நெருப்புக் கங்குகளை அள்ளிப் போட்டுவிட்டு, துணியைப் பிடித்து மூடியைத் தூக்கியவர் காதர் பாய். ஆவி குப்பென்று எழுந்தது. எனக்கு வாசலிலேயே நாக்கில் எச்சில் ஊறிவிட்டது. பாய் மூடியைக் கையில் பிடித்தபடியே மனைவியைப் பார்த்தார். ஜெய்த்தூன் குனிந்து, கண்ணை மூடி, நெஞ்சு நிறைய மோந்து பார்த்தார். நான் வந்தது இருவருக்கும் தெரியாது.

"எப்படி இருக்கு?" என்று கேட்டார் பாய்.

"அரிசி வாசம்தான் மொதல்ல வருது. அது பின்னாடி நெய்யி. பட்டை அடங்கி நிக்குது. புதினா இன்னிக்குச் செத்த தூக்கலா இருக்குங்க" என்றார் அந்த அம்மா.

பாய் அதைக் கேட்டுத் தலையை ஆட்டினார்.

"இன்னும் சொல்லு" என்றார்.